நீள்வகுத்தல் என்னும் கீழ்ப்படிதல்

“எனக்குக் கணக்கு சுத்தமா வராதுங்க” என்று ஒருமுறையாவது சொல்லாத இலக்கிய வாசகரைப் பார்ப்பது அபூர்வம். சொல்லும்போது முகத்தில் வருத்தம் இருக்காது, லேசான பெருமைகூடத் தெரியும். கணக்கு வராததால்தான் கவிதை வந்தது என்பதுபோல. இதே ஆள் “எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராதுங்க” என்று நாலு பேர் முன்னால் சொல்வாரா? சாகும்வரை சொல்லமாட்டார்.

சரி, எந்த இடத்தில் வராமல் போச்சு என்று கொஞ்சம் தோண்டிக் கேட்டுப் பாருங்கள். கால்குலஸில் என்று சொல்கிறவர்கள் குறைவு. பலருக்கும் அந்த இடம் நாலாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. கூட்டல் வந்தது. கழித்தல் பக்கத்து வீட்டில் கடன் வாங்கியாவது வந்தது. வாய்ப்பாடு பாட்டாகவே வந்தது. அப்புறம் ஒருநாள் கரும்பலகையில் ஒரு வளைகோடு, மேலே ஒரு படுக்கைக்கோடு, கீழே படிக்கட்டு மாதிரி இறங்கும் எண்கள். அன்றையிலிருந்து ரப்பர் தேய ஆரம்பித்தது.

நான் சொல்ல வருவது இதுதான். அந்தக் குழந்தைகளைத் தோற்கடித்தது கணிதம் இல்லை. காகிதத்தைச் சிக்கனப்படுத்தும் ஓர் எழுத்து வடிவம். நீள்வகுத்தல் என்று நாம் சொல்லித்தருவது வகுத்தலின் கடைசிச் சுருக்கம். சுருக்கத்தை முதலில் கொடுத்து, அது புரியாதவனை ‘மக்கு’ என்று வெளியே அனுப்புகிற வேலையைப் பல தலைமுறைகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு மாற்று இருக்கிறது, பழைய மாற்று. அதைப் பேசினாலே ‘தரம் தாழ்ந்துபோகும்’ என்று கத்துகிறவர்களுக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை.

எவ்வளவு பேர் வெளியே நிற்கிறார்கள் என்பதற்கு ஓர் எண்ணிக்கை. கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 18 வயதுள்ளவர்களிடம் 2023இல் எடுக்கப்பட்ட ஏசர் கணக்கெடுப்பில், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கைச் சரியாகச் செய்தவர்கள் 43.3 சதவீதம். மீதிப் பாதிக்கும் மேலானவர்கள் சின்னக் குழந்தைகள் இல்லை, இன்னும் சில வருடத்தில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள். மாதத் தவணை எத்தனை, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எதிரே இருக்கிறவன் சொல்வதை அப்படியே நம்பப்போகிறவர்கள்.

*

முதலில் நீள்வகுத்தல் வகுப்பறையில் எப்படிக் காதில் விழுகிறது என்று பார்ப்போம். 1836ஐ 6ஆல் வகுக்க வேண்டும்.

“ஒண்ணுல ஆறு போகுமா? போகாது. பதினெட்டுல ஆறு எத்தனை தடவை போகும்? மூணு தடவை. மேல மூணு போடு. கீழ பதினெட்டு போடு. கழி. சைபர். அடுத்த மூணைக் கீழே இறக்கு. மூணுல ஆறு போகுமா? போகாது. அடுத்த ஆறையும் இறக்கு. முப்பத்தாறுல ஆறு, ஆறு தடவை. மேல ஆறு போடு.”

விடை 36. தப்பு. சரியான விடை 306. ‘போகாது’ என்ற இடத்தில் மேலே ஒரு சைபர் போட்டிருக்க வேண்டும். உலகத்தில் நீள்வகுத்தல் சொல்லித்தரப்படுகிற எல்லா ஊரிலும் குழந்தைகள் செய்கிற தவறு இது. ஆசிரியர் சொல்வார்: “போகலைன்னா சைபர் போடணும்னு எத்தனை தடவை சொல்றது!” அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். குழந்தையும் நூறு தடவை கேட்டிருக்கும். பிரச்சினை மறதியில் இல்லை.

பிரச்சினை இது: இத்தனை வரி ஓதினோமே, அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. ‘ஒண்ணுல ஆறு போகாது’ என்கிறோம். அந்த ஒன்று ஒன்று இல்லை, ஆயிரம். ஆயிரத்தில் ஆறு தாராளமாக 166 தடவை போகும். ‘பதினெட்டு’ என்கிறோம். அது ஆயிரத்து எண்ணூறு. ‘மேல மூணு போடு’ என்கிறோம். அது முந்நூறு. ‘மூணைக் கீழே இறக்கு’ என்கிறோம். அந்த மூன்று முப்பது, அது எங்கேயும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு என்ற ஒரு முழு எண்ணை எலும்பெலும்பாகக் கழற்றி, ஒவ்வோர் எலும்பிடமும் ‘போகுமா, போகாதா’ என்று விசாரணை நடத்துகிறோம். நடுவில் எண் செத்துப்போகிறது. கடைசியில் 36 என்று வரும்போது, ‘முப்பத்தாறு ஆறு எங்கேயாவது ஆயிரத்தைத் தாண்டுமா?’ என்ற கேள்வி அந்தக் குழந்தைக்குத் தோன்றுவதில்லை. எப்படித் தோன்றும்? அது ஆயிரத்தைப் பார்க்கவே இல்லையே. கட்டளைகளை மட்டும்தானே கேட்டது.

போடு, பெருக்கு, கழி, இறக்கு. ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் பதிலும் இருக்காது, ஏனென்றால் சொல்லித்தருபவருக்கும் யாரும் சொல்லவில்லை. இதை நான் கணிதப் பாடம் என்று ஏற்க மாட்டேன். நடுவில் எண்கள் வைத்து நடத்தப்படும் கீழ்ப்படிதல் பயிற்சி.

*

இப்போது மாற்று. ‘பகுதி ஈவு முறை’ என்று வைத்துக்கொள்வோம். ஈவைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போவதால் அந்தப் பெயர்.

நமக்குப் பழக்கமான ஓர் உதாரணம் எடுப்போம். புத்தகக் கண்காட்சிக்கு ஒரு பதிப்பகம் 2,750 பிரதிகள் அனுப்புகிறது. ஒரு பெட்டியில் 38 பிரதிகள் பிடிக்கும். எத்தனை பெட்டி வேண்டும்?

நீள்வகுத்தலில் முதல் கேள்வியே கழுத்தைப் பிடிக்கும்: 275இல் 38 எத்தனை தடவை போகும்? முப்பத்தெட்டாம் வாய்ப்பாடு யாருக்குத் தெரியும்? குத்துமதிப்பாக 6 என்று போட்டால் 228, மீதி 47. மீதி 38ஐவிடப் பெரிசு, அதனால் தப்பு, அழி. 8 என்று போட்டால் 304, அதிகமாகிவிட்டது, தப்பு, அழி. 7தான் சரி. அந்த ஒரே ஒரு இலக்கத்தைச் சொல்லும்வரை உனக்கு அடுத்த வரி கிடையாது.

பகுதி ஈவு முறையில் குழந்தை தனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கலாம். பத்துப் பெட்டிக்கு 380 பிரதி. இது யாருக்கும் தெரியும். சரி, பத்துப் பெட்டி கட்டியாச்சு, 2,750இல் 380 போனால் 2,370. இன்னொரு பத்து: 1,990. இன்னொரு பத்து: 1,610. அடுத்து 1,230. அடுத்து 850. அடுத்து 470. அடுத்து 90. ஏழு தடவை பத்து பத்தாகக் கட்டியிருக்கிறோம். மீதி 90இல் இரண்டு பெட்டி கட்டலாம், 76 போகும். மிச்சம் 14. ஆக 72 பெட்டி, 14 பிரதி மீதி. அந்தப் பதினாலையும் அனுப்பியாக வேண்டும் என்றால் 73ஆவது பெட்டி ஒன்று தேடணும்.

“இத்தனை வரியா!” என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருக்கும் இன்னொரு குழந்தை கொஞ்சம் துணிச்சலாக 50 பெட்டி எடுக்கிறது: 1,900 போச்சு, மீதி 850. அப்புறம் 20: 760 போச்சு, மீதி 90. அப்புறம் 2. மூன்றே வரி. மூன்றாவது குழந்தை எடுத்த எடுப்பிலேயே 70 எடுக்கிறது: 2,660 போச்சு, மீதி 90, அப்புறம் 2. இரண்டே வரி. இந்த மூன்றாவது குழந்தை செய்ததைக் கூர்ந்து பாருங்கள். அது நீள்வகுத்தல்தான்! 70க்குப் பதில் 7 என்று எழுதி, 2,660க்குப் பதில் 266 என்று எழுதினால் நம் பழைய படிக்கட்டு வந்துவிடும்.

மூன்று பேருக்கும் விடை 72. மூவரில் ஒருவரும் ரப்பரைத் தொடவில்லை. இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நீள்வகுத்தலில் குறைவாக ஊகிப்பது ஒரு தவறு. பகுதி ஈவு முறையில் குறைவாக ஊகிப்பது வெறும் இன்னொரு வரி. மெதுவாகப் போகிறவனுக்கு நேரம் அதிகம் ஆகும், தண்டனை கிடையாது. போகப் போக அவனுக்கே அலுத்துப்போகும். ‘எதுக்குப் பத்து பத்தா எடுக்கணும், ஒரேயடியா அம்பது எடுத்தா என்ன?’ என்று தோன்றும். அந்த அலுப்பில்தான் கணிதம் பிறக்கிறது. நாம் அலுக்கிறதற்கு முன்பே சுருக்கத்தைக் கையில் திணித்து, அலுப்பதற்கான உரிமையைக்கூடப் பிடுங்கிவிடுகிறோம்.

*

இது ஏதோ அமெரிக்காக்காரன் நேற்றுக் கண்டுபிடித்து விற்கிற சரக்கு என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளிக் கணிதத் திட்டம் தயாரித்த ‘எவ்ரிடே மேத்தமேட்டிக்ஸ்’ பாடநூல்கள் இதைப் பரப்பியது உண்மை. கண்டுபிடித்தது அவர்கள் இல்லை.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரைண்ட் பாப்பிரஸ் ஏறக்குறைய கி.மு. 1550ஐச் சேர்ந்த எகிப்தியக் கணக்குச் சுவடி. அதன் 69ஆவது கணக்கு, மூன்றரை ஹெகாட் மாவில் 80 ரொட்டி சுட்டால் ஒரு ரொட்டிக்கு எவ்வளவு மாவு என்று கேட்கிறது. ஒரு ஹெகாட்டுக்கு 320 ரோ. ஆக மொத்தம் 1,120 ரோவை 80ஆல் வகுக்க வேண்டும். எழுத்தர் ஆமோஸ் என்ன செய்கிறார்? ஒரு எண்பது 80. பத்து எண்பது 800. இரண்டு எண்பது 160. நாலு எண்பது 320. இதில் 800ஐயும் 320ஐயும் சேர்த்தால் 1,120 வந்துவிடுகிறது. ஆகவே பத்தும் நாலும் பதினாலு. முடிந்தது கணக்கு. மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய பகுதி ஈவு. (முந்திரி என்று நாம் சொல்லும் பின்னமும் 320இல் ஒரு பங்குதான். உடனே ‘எகிப்தியரும் தமிழரே’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

நம் ஊர்க் களத்துமேட்டுக்கே வாருங்கள். நெல் குவியலை மரக்காலால் அளப்பவர் ‘லாபம், ரெண்டு, மூணு’ என்று பாடிக்கொண்டே அள்ளிப் போடுவார். ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார். அவர் செய்வது வகுத்தல். ஒரு பெரிய அளவிலிருந்து ஒரு சிறிய அளவை மறுபடி மறுபடி எடுத்து, எத்தனை தடவை எடுத்தோம் என்று எண்ணுவது. குவியல் குறைவது கண்ணுக்குத் தெரியும், எண்ணிக்கை ஏறுவது காதில் விழும். இந்த இரண்டும்தான் பகுதி ஈவு முறையில் தாளின் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன. ஒரு பக்கம் குறையும் மீதி, மறுபக்கம் சேரும் ஈவு.

‘ஈவு’ என்ற சொல்லையே பாருங்கள். ஈதலோடு பிறந்த சொல். கொடுத்தது, பங்கிட்டது என்று பொருள். ஐரோப்பிய மொழிகள் இதே இடத்தில் வைத்திருக்கும் சொல் ‘எத்தனை தடவை’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒருவர் பங்கு எவ்வளவு என்பதும் எத்தனை தடவை எடுக்கலாம் என்பதும் வகுத்தலின் இரண்டு முகங்கள். இரண்டுமே மனிதர்கள் கையால் செய்த வேலையிலிருந்து வந்தவை. ‘போகுமா, போகாதா’ என்ற வகுப்பறைப் பாஷையில் எடுக்கிறவரும் இல்லை, கொடுக்கிறவரும் இல்லை.

இன்னும் பக்கத்தில் ஓர் ஆதாரம் வேண்டுமென்றால் பிரேசில் போகலாம். ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காய், பாப்கார்ன் விற்ற ஐந்து சிறுவர் சிறுமியரை டெரெசின்ஹா காராஹர், டேவிட் காராஹர், அனாலூசியா ஷ்லீமன் ஆகியோர் ஆராய்ந்து 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாடிக்கையாளர்போல நின்று கேட்டபோது அந்தக் குழந்தைகள் 98.2 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது சரியானவை 36.8 சதவீதம். ஒரு தேங்காய் 35 குருசேரோ, பத்துத் தேங்காய் எவ்வளவு? பள்ளிக்கூடம் சொல்லித்தந்தபடி பக்கத்தில் ஒரு சைபர் போட்டால் போதும். அந்தப் பையன் அப்படிச் செய்யவில்லை. மூன்று தேங்காய் 105 என்று அவனுக்குத் தெரியும், ஆள்கள் மூன்று மூன்றாக வாங்குவார்களாக இருக்கும். 105, 210, 315, அதோடு இன்னும் ஒன்று, 350. அது பெருக்கல் கணக்கு. ஆனால் மூளை வேலை செய்யும் விதம் நாம் மேலே பார்த்ததேதான்: தெரிந்த கட்டுகளை எடுத்து அடுக்குவது.

இந்தப் பையனைப் பார்த்து ‘கணக்கு வராது’ என்று எந்தப் பள்ளிக்கூடம் சான்றிதழ் கொடுத்தாலும், பொய்ச் சான்றிதழ் கொடுத்த குற்றம் பள்ளிக்கூடத்தின் மேல்தான்.

*

சரி, எதிர்த்தரப்புக்கு வருவோம். அவர்களில் முட்டாள்கள் மட்டும் இல்லை, அதனால் அவர்களின் வலுவான வாதங்களையே எடுக்கிறேன்.

முதல் வாதம்: நாங்கள் இப்படித்தான் படித்தோம், நன்றாகத்தானே இருக்கிறோம்? இருக்கிறீர்கள். படிக்கட்டில் ஏறி மொட்டைமாடிக்குப் போனவர்கள் கூடி ‘இந்தப் படிக்கட்டு நல்லாத்தான் இருக்கு’ என்று தீர்மானம் போடுகிறீர்கள். விழுந்தவர்கள் மாடியில் இல்லை. அவர்களுடைய வாக்கு உங்கள் கூட்டத்தில் பதிவாகாது.

இரண்டாவது வாதம் கனமானது. டேவிட் க்ளைன், ஜேம்ஸ் மில்கிராம் என்ற இரண்டு அமெரிக்கக் கணிதப் பேராசிரியர்கள் நீள்வகுத்தலுக்காகவே வாதாடி எழுதியிருக்கிறார்கள். தசமங்கள் ஏன் சுழல்கின்றன என்று புரிய நீள்வகுத்தல் வேண்டும், பின்னால் பல்லுறுப்புக்கோவைகளை வகுக்கவும் அது வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. முதல் பாதி முழுக்கச் சரி. 1ஐ 7ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். 1இல் தொடங்கி மீதிகள் 3, 2, 6, 4, 5 என்று வந்து மறுபடி 1. அந்த இடத்தில் சக்கரம் திரும்ப ஆரம்பிக்கிறது, 142857 என்று விடையும் சுழல்கிறது. இதைக் காட்ட நீள்வகுத்தலைப்போல அழகான கருவி வேறு கிடையாது. அதனால்தான் அதைச் சொல்லித்தர வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. முதலில் சொல்லித்தராதே என்கிறேன்.

ஆனால் இரண்டாம் பாதியைத் திருப்பிப் பிடியுங்கள். பல்லுறுப்புக்கோவையை வகுக்கும்போது மேலே என்ன எழுதுகிறோம்? எக்ஸ் வர்க்கம், அப்புறம் ஐந்து எக்ஸ், அப்புறம் மூன்று. ஒவ்வோர் உறுப்பும் தன் முழு மதிப்போடு உட்கார்ந்திருக்கிறது. ‘எக்ஸை மறைத்துவிட்டு வெறும் ஐந்தை மட்டும் மேல போடு’ என்று ஆரம்பத்திலேயே யாரும் சொல்வதில்லை. 300, அப்புறம் 6 என்று எழுதுகிற குழந்தைக்கு அது தெரிந்த வீடு. 3, 0, 6 என்று இலக்கம் இலக்கமாக எழுதிப் பழகியவனுக்குத்தான் புது ஊர். இந்த வாதம் எங்கள் பக்கம் சாட்சி சொல்கிறது ஐயா.

மூன்றாவது வாதம் நெதர்லாந்திலிருந்து வருகிறது. இதை மறைத்தால் நான் அயோக்கியன். ஹான்ஸ் ஃபிராய்டெந்தால் வழிவந்த கணிதக் கல்வி அங்கே பல பத்தாண்டுகள் கோலோச்சியது. கவளம் கவளமாக எடுத்து வகுப்பது அதன் பகுதி. ஆனால் தேசிய மதிப்பீடுகளில் 1987 முதல் 2004 வரை பெரிய எண்களின் வகுத்தலில் குழந்தைகளின் திறன் இறங்கியது. யான் ஃபான் டெ கிராட்ஸ் போன்ற கணிதக்காரர்கள் ‘பார்த்தீர்களா’ என்று போர்க்கொடி தூக்கினார்கள். பெரிய சண்டை. கடைசியில் அந்நாட்டு ராயல் கலை அறிவியல் கழகம் 2009இல் ஓர் அறிக்கை கொடுத்தது. இரண்டு வழிகளில் ஒன்றுதான் உயர்ந்தது என்று சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு.

ஆனால் குழந்தைகளின் விடைத்தாள்களையே எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் ஒன்று கண்டார்கள். பழைய நீள்வகுத்தலைக் கைவிட்ட குழந்தைகளில் கணிசமானவர்கள் புதிய முறைக்குப் போகவில்லை. எதையும் எழுதாமல் மனசுக்குள் போட்டு விடையை மட்டும் எழுதினார்கள். எழுதிச் செய்தவர்களைவிட அவர்கள் அதிகம் தவறினார்கள். இதிலிருந்து நான் எடுக்கும் பாடம்: பகுதி ஈவு முறை என்பது ‘மனசுல போட்டுக்கோ’ இல்லை. இரண்டு பக்கமும் கோடு போட்டு, எடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று வரிசையாக எழுதுகிற ஒழுக்கம் அதில் பாதி. அந்த ஒழுக்கத்தைச் சொல்லித்தராமல் சுதந்திரத்தை மட்டும் கொடுத்தால் இரண்டும் போகும்.

நான்காவதை வாதம் என்று சொல்லக் கூசுகிறது, அதிகாரம் என்றே சொல்லலாம். இங்கிலாந்தில் 2016 முதல் ஆறாம் ஆண்டுத் தேர்வில் ஒரு விதி. நீண்ட வகுத்தல் கணக்குக்கு இரண்டு மதிப்பெண். விடை சரி என்றால் எப்படிச் செய்தாலும் இரண்டு கிடைக்கும். விடை தவறி, ஆனால் வழி சரியாக இருந்தால் ஒன்று கிடைக்கும். எந்த வழி? அரசு அங்கீகரித்த முறைசார்ந்த வழி மட்டும். பகுதி பகுதியாக எடுத்து, கடைசிக் கழித்தலில் ஒரு எண் பிசகிய குழந்தைக்குச் சைபர். அதே பிசகை நீள்வகுத்தலில் செய்த குழந்தைக்கு ஒன்று. இருவரும் ஒரே பிசகைத்தான் செய்தார்கள். ஒருத்தி அதிகமாகச் சிந்தித்துச் செய்தாள், அதற்கு அபராதம். ‘தரம்’ என்ற சொல்லை இவர்கள் எந்தப் பொருளில் பயன்படுத்துகிறார்கள் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

நம் ஊரில் இப்படி எழுதிவைத்த விதியே தேவையில்லை. ‘நான் சொல்லிக்கொடுத்த மெத்தட்ல போடலை’ என்ற ஒரு சிவப்புக் கோடு போதும்.

*

இனி என் பக்கத்துக்காரர்களுக்கும் இரண்டு வார்த்தை.

பகுதி ஈவு முறையையே இன்னொரு சடங்காக மாற்றிவிடுகிற கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. ‘முதலில் நூறின் மடங்கைத்தான் எடுக்கணும், அப்புறம் பத்து, அப்புறம் ஐந்து, அப்புறம்தான் இரண்டும் ஒன்றும்’ என்று கட்டம் கட்டி அச்சடித்த பயிற்சித்தாள். 70 தெரிந்த குழந்தையை ‘இல்ல கண்ணா, பத்து பத்தாத்தான் போகணும்’ என்று இழுத்து உட்காரவைப்பது. ‘கான்செப்ட்’ என்று பெயர் வைத்து இரண்டு மடங்கு கட்டணம். இது பழைய நோய்க்குப் புதுச் சட்டை. இந்த முறையில் குழந்தையின் கையில் ஒரே ஒரு முடிவுதான் இருக்கிறது, எவ்வளவு எடுப்பது என்பது. அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன? நீள்வகுத்தலைவிட நீளமான கீழ்ப்படிதல். அதற்கு நீள்வகுத்தலே தேவலை, சீக்கிரமாவது முடியும்.

இன்னொரு கூட்டம் ‘கால்குலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?’ என்கிறது. வேகத்துக்காக நீள்வகுத்தலைப் பிடித்துத் தொங்குகிறவர்களுக்கு எதிராக இது நல்ல கேள்வி. செல்பேசியைவிட வேகமாக யாரும் வகுக்கப்போவதில்லை. ஆனால் செல்பேசி சொல்லும் விடை நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க உள்ளே ஒரு தராசு வேண்டும். 1836ஐ 6 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 36 என்று எவனாவது சொன்னால், ‘ஏய், முந்நூறுக்குக் குறையாம வரணுமே’ என்று உடனே சொல்லும் ஒரு வயிற்றுணர்வு. பகுதி ஈவு முறை ஒவ்வொரு வரியிலும் அந்தத் தராசைப் பழக்குகிறது. நீள்வகுத்தல் அதை மூட்டை கட்டிப் பரணில் போடச் சொல்கிறது.

நீள்வகுத்தல் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவில் வைப்போம். இன்றைய வடிவில் அது முதலில் அச்சேறியது 1491இல் ஃபிளாரன்ஸில், ஃபிலிப்போ கலாண்ட்ரியின் கணக்குப் புத்தகத்தில் என்று கணித வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். வணிகத்துக்குத் தயாராகும் பையன்களுக்குக் கணக்குச் சொல்லித்தந்த மரபு அது. தினம் பத்துக் கணக்கு, வேகம் வேண்டும், தாள் மிச்சமாக வேண்டும். அந்தத் தேவைக்கு அருமையான கண்டுபிடிப்பு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்பது வயதுக் குழந்தைக்கும் கடைக் கணக்குப்பிள்ளைக்கும் தேவை ஒன்று இல்லை. ஒருவருக்கு விடை வேண்டும், இன்னொருவருக்கு எண் வேண்டும்.

*

ஆகவே என் கோரிக்கை புரட்சி ஒன்றும் இல்லை. நாலாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் இரண்டு வருடம் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த கட்டுகளில் வகுக்கட்டும். இரண்டு பக்கமும் ஒழுங்காக எழுதட்டும். நீளமாகச் செய்தாலும் முழு மதிப்பெண் கொடுங்கள். ஒரே கணக்கை மூன்று பேர் மூன்று விதமாகச் செய்ததைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது குட்டையாக வந்தது, ஏன் வந்தது என்று அவர்களையே பேசவிடுங்கள். ஆறாம் வகுப்பில் அந்தக் குட்டையான வடிவத்தில் சைபர்களை உதிர்த்துக் காட்டுங்கள், அதுதான் நீள்வகுத்தல். அமெரிக்காவின் பொதுப் பாடத்தரங்கள்கூட நாலு, ஐந்தாம் வகுப்புகளில் இடமதிப்பை வைத்து வகுக்கச் சொல்லி, வழக்கமான நீள்வகுத்தலை ஆறாம் வகுப்பில்தான் எதிர்பார்க்கின்றன. வானம் இடிந்து விழவில்லை.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலர் வீட்டில் தம்பிக்கோ, அக்கா மகளுக்கோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ சாயங்காலம் கணக்குச் சொல்லித்தருகிற அண்ணன்மார்கள், சித்திமார்கள், அத்தைமார்கள். ‘எனக்கே கணக்கு வராது, நான் எங்க சொல்லித்தர’ என்று நழுவ வேண்டாம். பத்து மடங்கும் கழித்தலும் தெரிந்தால் போதும், அது உங்களுக்கு வரும். நோட்டின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் மீதி, வலப்பக்கம் எடுத்தது. 38க்குள் எத்தனை என்று தெரியாமல் அந்தப் பிள்ளை தயங்கி, “அஞ்சு மட்டும் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்கும். எடுத்துக்கோ என்று சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தையை அது இன்னும் கேட்டிருக்காது.